கடலன்னையும் கரைமகளும்

கொங்கு நாட்டிற்குக் கடல் இல்லை. வடக்கிலும் மேற்கிலும் மலை; கிழக்கே காவிரி; இடையில் நொய்யலும் பவானியும் அமராவதியும் பாயும் மேட்டு நிலம். எனினும் கடலின் விளைவு இல்லாத நாள் கோவையில் இல்லை. உக்கடத்து மீன் அங்காடியில் விடியுமுன்னே கடல்மீன் வந்திறங்குகிறது. சிற்றூர்ச் சந்தையில் நெத்திலிக் கருவாடு குவிகிறது. இந்த உறவு நேற்றுத் தோன்றியதுமன்று. சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலைத் தோண்டியபோது கல்மணிகளோடு சங்கு வளையல்களும் வெளிவந்தன. சங்கு நொய்யலில் விளைவதன்று. எவனோ ஒரு பரதவன் மூழ்கி எடுத்த சங்கு, கொங்குப் பெண்ணின் கையில் வளையாயிற்று. உமணர் வண்டி ஏறி உள்நாட்டிற்கு வந்த உப்பும் அவ்வாறே.

ஈராயிரம் ஆண்டுகளாகக் கடலின் உப்பைத் தின்று வருகிறோம். அந்த உப்பை விளைவித்தவளை நாம் அறிவோமா? மீனின் விலை தெரியும். மீனவன் வீட்டில் அடுப்பு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்பது தெரியுமா? தெரியாது. தெரிந்தது போல் நாம் பேசுவதெல்லாம் கதையிலே படித்தது, திரையிலே பார்த்தது. மேட்டு நிலத்து மக்களாகிய நமக்குக் கடற்கரையைக் காட்டும் பலகணி இலக்கியந்தான். பலகணியின் கண்ணாடி அழுக்காயிருந்தால், பார்ப்பவன் கண்ணிலே குற்றம் இல்லாவிட்டாலும் காட்சி பிழைபடும். ஆகவே அந்தக் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்போம்.

புகழ் பெற்ற புதினம்

கடற்கரைக் குடும்பம் என்றவுடன் நம் இளைஞர் நெஞ்சில் முதலில் எழுவது 'செம்மீன்'. தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் 1956இல் எழுதியது. 1957இல் சாகித்திய அகாதமியின் பரிசு பெற்றது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழுக்கும் வந்தது. ராமு காரியத் 1965இல் அதனைத் திரைப்படமாக்க, குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. தகழியின் எழுத்துத் திறனை மறுப்பது நம் நோக்கமன்று. செம்பன்குஞ்சின் பேராசையும், தாய் சக்கியின் அச்சமும், கறுத்தம்மாவின் தவிப்பும், பரீக்குட்டியின் தோற்றுப்போன காதலும் படித்தவர் மறக்க முடியாதவை. சிறந்த எழுத்து என்பதாலேயே அதனைக் கூர்ந்து ஆராய வேண்டியிருக்கிறது. திறமற்றவன் கையிலே உள்ள மூடநம்பிக்கை தானே செத்துவிடும். திறமுள்ளவன் கையிலே அது சாகாவரம் பெற்றுவிடும்.

அப்புதினத்தின் அச்சாணி எது? கடலுக்குச் சென்ற மீனவனின் உயிர் கரையிலுள்ள அவன் மனைவியின் கற்பில் இருக்கிறது என்னும் நம்பிக்கை. முதன்முதல் கடலில் இறங்கிய மீனவன் அலையையும் சுழலையும் வென்று மீண்டான். ஏனெனில் கரையிலே ஒரு பத்தினி மேற்குத் திசை நோக்கித் தவங்கிடந்தாள். அவள் நெறி தவறினால் கடலன்னை சினந்து அவன் தோணியை விழுங்கிவிடுவாள். இதனைச் சக்கி தன் மகளுக்குச் சொல்லுகிறாள். மகள் அஞ்சுகிறாள். கதை முழுதும் அந்த அச்சத்தின் நிழலிலேயே நடக்கிறது. முடிவில் பழனி கடலில் மாள்கிறான். கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் பிணங்களாகக் கரை ஒதுங்குகிறார்கள். படித்து முடித்தவன் என்ன எண்ணுவான்? "தாய் சொன்னது பலித்தது" என்றுதானே எண்ணுவான்?

கொலை செய்தது யார்?

தோழர்களே, கதையை மீண்டும் ஒருமுறை படியுங்கள். இம்முறை கண்ணீரைத் துடைத்துக்கொண்டு படியுங்கள். பழனி ஏன் இறந்தான்? அவன் நல்ல கடல் தொழிலாளி. அமரத்தில் நின்று தோணி செலுத்தும் திறமுள்ளவன். அப்படிப்பட்டவன் ஏன் தன்னந்தனியே, இரவிலே, சிறு தோணியிலே, தூண்டிலோடு சென்றான்? அவன் மனைவியைப் பற்றி ஊர் பேசியது. அப்பேச்சைக் கேட்ட உடன்தொழிலாளர் அவனோடு கடலுக்குப் போக அஞ்சினர். ஒருத்தியின் ஒழுக்கக் கேட்டால் தோணியே கவிழும் என்று நம்பி அவனை ஒதுக்கினர். ஒதுக்கப்பட்டவன் வயிற்றுப்பாட்டிற்காகத் தனியே போனான். பெருஞ்சுறா ஒன்று தூண்டிலில் சிக்கியபோது கை கொடுக்கத் துணை இல்லை. மாண்டான்.

அவனைக் கொன்றது கறுத்தம்மாவின் காதலா? அன்று! 'கற்பு தவறினால் கடல் கொல்லும்' என்ற அந்த நம்பிக்கைதான் கொன்றது. நம்பிக்கை முதலில் அவனைத் தனிமைப்படுத்தியது. தனிமை அவனைக் கொன்றது. பிறகு அதே நம்பிக்கை, "பார்த்தாயா, நான் சொன்னது பலித்தது" என்று மார்தட்டிக்கொண்டது. தானே தீ வைத்துவிட்டு, "இந்த வீடு எரியும் என்று நான் முன்பே சொல்லவில்லையா?" என்று கேட்கும் சோதிடனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இவ்வளவு சான்றுகளையும் தகழியே தம் கதைக்குள் வைத்திருக்கிறார். கூர்ந்து படிப்பவன் கண்டுகொள்ளலாம். ஆனால் கதையின் ஓட்டமோ, திரையின் இசையோ, அவனைக் கூர்ந்து படிக்க விடுவதில்லை. இரு பிணங்களையும் கரையிலே கிடத்தி ஒரு தீர்ப்பு வழங்குவது போலவே நூல் முடிகிறது. கலைஞர் தந்த சான்று ஒரு பக்கம். கதை தந்த தீர்ப்பு மறுபக்கம். நாம் சான்றின் பக்கம் நிற்கிறோம்.

இன்னும் ஒன்று கேட்போம். செம்பன்குஞ்சு, பரீக்குட்டியிடம் பொருள் வாங்கித் தோணியும் வலையும் தேடிக்கொண்டான். திருப்பித் தரவில்லை. நம்பிக் கொடுத்த அவ்விளைஞன் நொடித்தான். இது நம்பிக்கைத் துரோகம் அல்லவா? ஏமாற்று அல்லவா? இதற்காகக் கடலன்னை ஒரு சிற்றலையாவது எழுப்பினாளா? இல்லை! ஏமாற்றிய தந்தையின் தோணி கடலிலே மிதக்கிறது. காதலித்த மகளின் கணவன் தோணி மூழ்குகிறது. கடனைக் கொடாதவனைக் கண்டு சினவாத தெய்வம், காதலைக் கண்டு மட்டும் சினக்குமானால், அது யாருடைய தெய்வம்?

ஒரு தோணியில் அறுவர் போகிறார்கள் என்று வையுங்கள். ஐவர் மனைவியர் பத்தினிகள், ஒருத்தி தவறியவள். புயல் வருகிறது. ஐந்து கற்பும் சேர்ந்து அந்த ஒரு தவற்றை வெல்ல முடியாதா? மணமாகாத இளைஞன் கடலுக்குப் போகிறானே, அவனைக் காப்பவள் யார்? மனைவியை இழந்த முதியவன்? தன் கரையிலொரு மனைவியும் அயல் துறையிலொரு தொடர்பும் வைத்துக்கொண்ட ஆடவன் கடலுக்குப் போனால், கரையிலுள்ளவளின் தோணி எது, எங்கே கவிழும்? இக்கேள்விகளுக்குக் கடலன்னை விடை சொல்ல மாட்டாள். ஏனெனில் இந்தச் சட்டத்தை இயற்றியது கடலன்று. கரையில் இருந்த ஆடவன்.

மழையும் கற்பும்

கடற்கரையார் அறியாமையைக் கண்டு மேட்டு நிலத்தார் நகைக்க இடமில்லை. கற்புடையாள் சொன்னால் மழை பெய்யும் என்பது நம் பக்கத்துப் பழமை. அண்ணன்மார் கதை பாடும் ஊர்களில், தங்காளின் வரவலிமை படுகளத்தில் மாண்டு கிடந்த அண்ணன்மாரையே எழுப்பியதாக இன்றும் சொல்லக் கேட்கலாம். கடற்கரையில் கற்பு தோணியைக் காக்கிறது. கொங்கில் கற்பு மழையைக் கொணர்கிறது. இடத்திற்கேற்ப அச்சம் வேறு. அச்சத்தைச் சுமக்கும் தோள் ஒன்றுதான். அது பெண்ணின் தோள்.

ஆனால் கொங்கின் வறண்ட காட்டிற்குத் தண்ணீர் எப்படி வந்தது? எந்தப் பத்தினியின் சொல்லாலும் வரவில்லை. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தது. கீழ்பவானிக் கால்வாய் ஓடியது. பரம்பிக்குளம்–ஆழியாற்றுத் திட்டத்தால் மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. கல்லும் காரையும் கணக்கும் உழைப்பும் கொண்டு வந்த நீர் அது. கொங்குக் குடியானவன் இதைக் கண்ணால் கண்டவன். கண்டவன் சொல்ல வேண்டாமா, கரையிலுள்ள தன் உடன்பிறப்பிடம், "அம்மா, உன் கணவனைக் காப்பது உன் கற்பன்று, காலத்தே வரும் எச்சரிக்கையும் கருவியும் துணையுமே" என்று?

உழைப்பவளின் ஒழுக்கம்

மீனவர் குடும்பத்தின் அன்றாட வாழ்வை எண்ணிப் பாருங்கள். ஆடவன் நள்ளிரவிலோ விடியலிலோ கடலுக்குப் போகிறான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என நான்கு காற்றின் குணமும் அறிவான். நீவாடு என அவன் அழைக்கும் நீரோட்டத்தின் போக்கை அறிவான். கரையிலுள்ள மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் அடையாளங்கொண்டு, நடுக்கடலில் தான் நிற்கும் இடத்தைக் கணிப்பான். பள்ளிக்கூடம் தராத அறிவு அது. தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது.

அவன் கரைக்கு வந்தவுடன் அவன் வேலை முடிகிறது, அவளுடையது தொடங்குகிறது. மீன் கரையிலே ஏலம் போகிறது. விற்ற காசில் செலவு போக, தோணிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சியது உழைத்தவர்க்கு. கரைக்குக் கரை இக்கணக்கு சிறிது மாறும். முன்பணம் கொடுத்த வணிகன் அங்கே நிற்பான். அவனுக்கே விற்க வேண்டும். அவன் சொன்னதே விலை. இந்தக் கணக்கின் நடுவே குடும்பத்தை நடத்துகிறவள் பெண். கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊரூராய்ப் போகிறவள் அவள். விற்காத மீனுக்கு உப்பிட்டுக் கருவாடாக்குகிறவள் அவள். கடன் வாங்குகிறவள், தவணை கட்டுகிறவள், கடல் பொய்த்த நாளில் அண்டை வீட்டில் அரிசி கைமாற்று வாங்குகிறவள் அவள். கடலின் சீற்றம் ஆடவனுக்கு. கடன்காரனின் சீற்றம் பெண்ணுக்கு!

இப்படி வெயிலிலே நடந்து, பேரம் பேசி, ஆயிரம் ஆடவர் முகத்தைப் பார்த்துப் பிழைப்பவளிடம் போய், வாயிற்படி தாண்டாத இல்லக்கிழத்தியின் இலக்கணத்தைச் சொன்னால் அது பொருந்துமா? வீட்டிலே பூட்டி வைக்கும் கற்பு, நிலமும் சொத்தும் வாரிசும் உடைய மேட்டுக்குடி வகுத்தது. நிலத்திற்கு எல்லைக்கல் நட்டவன், அந்த நிலம் தன் குருதிக்கே சேர வேண்டும் என்று பெண்ணுக்கும் எல்லைக்கல் நட்டான். கடலுக்கு எல்லைக்கல் உண்டா? பட்டா உண்டா? எல்லையற்ற கடலிலே உழைப்பவர்மீது எல்லைக்கல்லின் ஒழுக்கத்தை ஏற்றியது, வேறிடத்துச் சரக்கை அங்கே கொண்டுபோய் இறக்கியதாகும். வலையைப் பெண் தாண்டக்கூடாது, அவள் தீட்டு தோணியைத் தொடக்கூடாது என்னும் விலக்குகளும் இதே சரக்குமூட்டையைச் சேர்ந்தவை. தோணியில் அவள் கைப்படக் கூடாதாம். தோணிக்கு வாங்கிய கடனை மட்டும் அவள் கை அடைக்க வேண்டுமாம்!

நம் பழைய இலக்கியம் இதற்கு வேறொரு சான்று தருகிறது. நெய்தலுக்கு இரங்கல் என்று உரிப்பொருள் வகுத்தார்கள். ஆகவே கரையிலே நின்று அழுபவளே நெய்தல் மகள் என்று பலர் எண்ணிவிட்டனர். ஆனால் அதே பாட்டுகளில் அவள் உணங்கும் மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டுகிறாள். மீன் கொடுத்து நெல் கொள்ளுகிறாள். நற்றிணையின் 45ஆம் பாட்டு ஒன்று போதும். நெடிய தேரூர்ந்து வரும் நகரத்துச் செல்வன் பரதவர் மகளை நாடி வருகிறான். தோழி அவனைத் தடுத்து நிறுத்துகிறாள். நீ செல்வர் மகன். நாங்கள் மீன் அறுத்து உணக்குபவர். எங்கள்மேல் புலால் நாறும், அருகே வாராதே. உன்னைப் போன்றவர் எங்கள் குடியிலும் உண்டு என்று பொருள்படச் சொல்லி அனுப்புகிறாள். தோழர்களே, இதற்குப் பெயர் என்ன? தன்மானம்! மீன் நாற்றத்தை இழிவாகக் கொள்ளாமல் வேலியாகக் கொண்ட தன்மானம்!

அந்தத் தோழியின் வழிவந்தவளுக்கு இன்று கிடைப்பது என்ன? 2021 திசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய ஒரு முதியவள், நாறுகிறாள் என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டாள். அவள் பேருந்து நிலையத்தில் நின்று முறையிட்ட காட்சியை நாடே கண்டது. முதலமைச்சர் கண்டித்தார், பணியாளர் மீது நடவடிக்கை வந்தது. அது சரி. ஆனால் அந்த மீனைத் தின்னும் வாய்க்கு நாறவில்லை; விற்றவளின் உடம்பு மட்டும் நாறியது! மகளிருக்குக் கட்டணமின்றிப் பேருந்து விட்டதும் இதே தமிழ்நாடு. அந்தப் பேருந்திலிருந்து அவளை இறக்கியதும் இதே தமிழ்நாடு. சட்டம் ஏறிய வண்டியில் மனம் இன்னும் ஏறவில்லை.

தமிழ்ப் புதினங்கள் காட்டும் கரை

'செம்மீனு'க்குப் பின் தமிழில் வந்த கடற்கரைப் புதினங்கள் என்ன செய்தன? மூன்றைப் பார்ப்போம்.

ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க்கரையில்' 1978இல் வந்தது. மக்களிடையே சென்று கேட்டறிந்து எழுதும் வழக்கமுடையவர் அவர். சுறாவின் துவியின்மீது கோயில் கொண்டாடிய உரிமையை மறுத்து எழும் மீனவர் போராட்டம் அதன் உயிர்நாடி. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் கிறித்துவம் தழுவினர். 1542இல் பிரான்சிசு சேவியர் அக்கரைக்கு வந்தார். அரபு வணிகர் பிடியிலிருந்து விடுபடப் போர்த்துகீசியர் துணை தேடியவர்கள் அவர்கள். ஒரு பிடி தளர்ந்தது. மற்றொரு பிடி இறுகியது. உழைத்துக் கொணர்ந்த மீனில் முதற்பங்கைக் கேட்பவன் பூணூல் அணிந்திருந்தால் என்ன, அங்கி அணிந்திருந்தால் என்ன? பங்கு பங்குதான்! மதம் மாறினால் சுரண்டல் மாறாது என்பதை மேடை முழக்கமின்றி, வலைக்கும் சோற்றுக்கும் இடையிலே வைத்துக் காட்டியது அந்நூலின் வெற்றி. சிக்கலை ஆய்ந்தெடுக்கும் முனைப்பில் மாந்தர் சிலவிடங்களில் கருத்தின் கருவிகளாகிவிடுகின்றனர் என்பது குறை.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்த சிறு நூல். களம் மணப்பாடு. வல்லத்திற்கும் விசைப்படகிற்கும் மூண்ட பகை ஒருபுறம். வல்லத்தை விட்டுப் பிரிய மனமில்லாத குரூஸ் மிக்கேல் ஒருபுறம். அவன் மகள் பிலோமி நடுவே. பிலோமி சாமிதாசைக் காதலிக்கிறாள், தன்னையும் தருகிறாள். அவனோ வேறொருத்தியை மணக்கிறான். கேரளக் கரையாயிருந்தால் இந்நேரம் கடல் பொங்கியிருக்க வேண்டும். பிலோமியின் உடல் கரை ஒதுங்கியிருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை! கடல் தன் பாட்டிற்கு அலைவீசுகிறது. பிலோமி அழுகிறாள், பிறகு எழுகிறாள், வாழ்கிறாள். அவள் தாய் மரியம்மைக்கும் வாத்திக்கும் இருந்த நட்பைப் பற்றி ஊர் பேசுகிறது. ஆசிரியர் அதற்குத் தூக்குமரம் நடவில்லை. பெண்ணின் மனத்தை அவள் உடம்பைக் கொண்டு அளக்காத பெருந்தன்மை அந்நூலில் உண்டு. பகுத்தறிவு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லாமலே, 'செம்மீனு'க்குத் தமிழ் அளித்த மறுமொழி அது. அதன் குறை வேறு. அங்கே எல்லாரும் அன்பினால் நனைந்திருக்கிறார்கள். அந்த அன்பின் ஈரத்திலே வட்டிக் கணக்கும் ஏலக் கணக்கும் சற்றே மங்கிப்போகின்றன.

மூன்றாவது, ஜோ டி குருசின் 'ஆழி சூழ் உலகு', 2004. கடற்கரையில் பிறந்தவரே கடற்கரையை எழுதினார். ஆமந்துறை என்னும் ஊரின் 1933 முதல் 1985 வரையான வாழ்வு, பரதவரின் பேச்சு மொழியிலேயே விரிகிறது. மரம் உடைந்து, கோத்ரா, சூசை, சிலுவை என்னும் மூவர் நடுக்கடலில் தத்தளிக்கும் பகுதி தமிழ்ப் புதினத்தில் அரிய பகுதி. அங்கே உயிரைக் காப்பது எது? கையில் கிடைத்த கட்டை. ஒருவனை ஒருவன் தாங்கும் தோள். இளையவன் பிழைக்கட்டும் என்னும் முதியவர் நெஞ்சம். பல தலைமுறைக் கடலறிவு பேசும் அவ்விடத்தில், கரையிலே எவள் எப்படி இருக்கிறாள் என்ற கேள்விக்கு வேலையே இல்லை. கடலை உண்மையாக அறிந்தவன் எழுதும்போது கட்டுக்கதை தானே ஒதுங்கிக்கொள்கிறது. தோக்களத்தா போன்ற பெண்கள் மனத்தில் நிற்கிறார்கள் என்பதும் உண்மை. ஆயினும் அந்நூலின் நீளமும் ஆழமும் கடலுக்குரியவை, ஆடவருக்குரியவை. பெண்ணின் கூடைக்கும் அடுப்புக்கும் கிடைத்த பக்கங்கள் குறைவு. இவரே பின்னர் எழுதிய 'கொற்கை' 2013இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. கடற்கரை நாட்டின் கண்ணில் பட்டது. கடற்கரைப் பெண் இன்னும் முழுதாகப் படவில்லை.

திரைப்படத்திற்கும் ஒரு சொல். 1964இல் வந்த 'படகோட்டி' மீனவர்களைப் பிரித்து மோதவிட்டுப் பிழைக்கும் செல்வனைத் தோலுரித்துக் காட்டியது. பட்டிதொட்டியெல்லாம் அதன் பாட்டு ஒலித்தது. இருளில் இருந்த ஒரு மக்களை வெளிச்சத்திற்குக் கொணர்ந்த நற்பணி அது. ஆனால் அதிலும் பெண் காதலியாக வந்தாள்; கணக்குப் பார்ப்பவளாக வரவில்லை.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் எழுதிய 'நாகம்மாள்' கொங்கு மண்ணின் கதை. நாகம்மாள் கைம்பெண்; கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். கெட்டியப்பனோடு அவளுக்குள்ள தொடர்பை ஊர் பேசுகிறது. ஆசிரியர் அதை மறைக்கவுமில்லை. அதற்காக அவளைத் தண்டிக்கவுமில்லை. 'இவள் பத்தினியா?' என்று அவர் கேட்கவில்லை. 'இவளுக்குப் பங்கு உண்டா?' என்ற கேள்வியைப் படிப்பவன் நெஞ்சிலே எழுப்பிவிட்டார். கடற்கரைப் பெண்ணைப் பற்றி எழுதுவோர் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. தோணியில் அவளுக்குப் பங்கு உண்டா? வலையில் உண்டா? ஏலத் துறையில் அவள் சொல் செல்லுமா?

ஏழாண்டுக் காத்திருப்பு

இதெல்லாம் ஏட்டுச் சண்டை என்று எண்ண வேண்டாம். 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலைச் சூறையாடியது. நெடுந்தொலைவு சென்று பல நாள் தங்கி மீன் பிடிப்போர் முன்னரே போய்விட்டனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அல்லது காணாமற்போயினர். அவர்கள் மனைவியர் அத்தனை பேரும் கற்பில் தவறியவர்களா? அப்படிச் சொல்லத் துணியும் நாக்கு உண்டா? இல்லை. செத்தவர் நூற்றுக்கணக்கில் என்றால் புயலைக் குறை கூறுவோம்; செத்தவன் ஒருவன் என்றால் அவன் மனைவியைக் குறை கூறுவோம்!

காணாமற்போனவன் மனைவியின் நிலையை எண்ணுங்கள். உடல் கிடைக்கவில்லை. சட்டப்படி ஒருவனைப் பற்றி ஏழாண்டு செய்தியே இல்லாவிட்டால்தான் இறந்தவனாகக் கொள்வர். அதுவரை அவள் மனைவியா, கைம்பெண்ணா? இழப்பீடு, கடன், நிலுவை, மறுமணம் எல்லாம் அந்த ஏழாண்டுக் கதவிலே முட்டி நிற்கும். ஒக்கிக்குப் பின் விதியைத் தளர்த்தி இழப்பீடு வழங்கினார்கள், நன்று. ஆனால் பெருந்துயரில் நாடு விழித்தபோது தளர்ந்த விதி, ஒற்றைத் தோணி கவிழ்ந்த நாளில் தளருமா? அவளை நோக்கி, "நீ நெறியோடு இருந்தாயா?" என்று கேட்பது கதை. "உனக்குச் சேர வேண்டியது வந்ததா?" என்று கேட்பது மாந்தநேயம். இலக்கியம் எந்தக் கேள்வியைக் கற்றுத் தருகிறதோ, அந்தக் கேள்வியைத்தான் ஊர் கேட்கும். ஆகவேதான் ஒரு புதினத்தின் முடிவைப் பற்றி இத்தனை பேசுகிறோம்.

ஈரோட்டின் கேள்வி

1925 மே 2ஆம் நாள் ஈரோட்டில் 'குடிஅரசு' தோன்றியது. கடலில்லாத கொங்கிலிருந்து ஒரு கேள்வி அலையாக எழுந்தது: கற்பு என்பது இருவருக்கும் பொதுவா, பெண்ணுக்கு மட்டும் பூட்டிய விலங்கா? பெரியார் அதைக் கேட்டபோது நாடு நடுங்கியது. 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில் கற்பை முதலில் வைத்துப் பேசினார். வள்ளுவரையும் அந்த உரைகல்லில் உரைக்கத் தயங்கவில்லை. 1929இல் செங்கற்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு கேட்டது. 1967இல் அண்ணாவின் ஆட்சி தன்மானத் திருமணத்தைச் சட்டமாக்கியது. 1989இல் கலைஞரின் ஆட்சி சொத்துரிமையைச் சட்டமாக்கியது. கேள்வி பிறந்த ஊரிலிருந்து சட்டமன்றம் வரை போய்விட்டது. ஆனால் கடற்கரைக் குடிசையின் வாயிற்படியில் அது இன்னும் தயங்கி நிற்கிறது. திரைப்பாட்டின் இனிமையிலே அங்கே கடலன்னை இன்னும் கோலோச்சுகிறாள்.

கொங்கு நாட்டு இளைஞர்களே! 'செம்மீனை'ப் படியுங்கள், பழனியைத் தனியே அனுப்பியவர் யார் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். அதன் பக்கத்திலே 'கடல்புரத்தில்' நூலை வைத்துப் படியுங்கள். உங்கள் படிப்பகத்திலே இரண்டையும் வைத்து வழக்காடுங்கள். பட்டிமன்றத்திற்குக் கண்ணகியா மாதவியா என்று அரைத்த மாவையே அரைக்க வேண்டாம். கறுத்தம்மாவா பிலோமியா என்று கேளுங்கள்.

எழுத்தாளர்களுக்கும் ஒன்று சொல்வோம். கூடை சுமந்தவளின் மகள் இன்று கல்லூரியில் படிக்கிறாள். அவள் எழுதட்டும், எழுதினால் அச்சிடுங்கள். அலையைப் பற்றிய பாட்டு நம்மிடம் நிறைய இருக்கிறது. ஏலத்தில் மீன் எடுத்து, பேருந்தில் இடம் கேட்டு, வட்டி கட்டி, இரவில் வலையின் கிழிசலை எண்ணிப்பார்க்கும் ஒரு பெண்ணின் ஒருநாள் கணக்கு நம்மிடம் இல்லை. அந்தக் கணக்கை அவளே எழுதும் நாளில், கடல் தெய்வமாக இராது, தொழிற்களமாக இருக்கும். கரையில் நிற்பவள் காவல் தெய்வமாக இராள், பங்காளியாக இருப்பாள்.